பதினெட்டு அங்குலம்

வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் ஓர் அடி ஸ்கேலையும் ஓர் அரை அடி ஸ்கேலையும் கேட்டு வாங்கி, மேசைமேல் ஒட்டினாற்போல வையுங்கள். மொத்தம் ஒன்றரை அடி. பதினெட்டு அங்குலம்.

ஒரு ஷாட்கன்னின் குழல் இந்த நீளத்துக்கு ஒரு நூலளவு கூடுதலாக இருந்தால், அதை வைத்திருக்கும் அமெரிக்கர் கௌரவமான குடும்பஸ்தர். வீட்டைக் காப்பாற்றத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார், பாவம் என்று விட்டுவிடுவார்கள். ஒரு நூலளவு குறைந்து, அதைப் பதிவும் செய்யவில்லையென்றால் பத்து வருடம் வரை ஜெயில். ஆள் அதே ஆள், துப்பாக்கியும் அதே துப்பாக்கி. நடுவே ஓர் இரும்பு ரம்பம் மட்டும் வந்து போயிருக்கிறது.

இந்த ரம்பத்தின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். சிரிப்பாக ஆரம்பித்து, சிரிக்க முடியாத இடத்துக்குப் போகும் கதை.

முதலில், ஷாட்கன் என்பது என்ன? நம் ஊரில் வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் தோளில் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி தொங்குமே, அதேதான். ரைஃபிளின் குழலுக்குள் திருகு திருகாக வரி ஓடும். இதற்கு அது கிடையாது, வழவழப்பான வெறும் குழாய். ஒற்றைத் தோட்டாவுக்குப் பதில், ஒரு சிறு உருளைக்குள் அடைத்த ஈய ரவைகள் கூட்டமாகப் பாயும். காடை, கௌதாரி, வாத்து அடிக்கப் பிறந்த சமாச்சாரம்.

துப்பாக்கிக்காரர்கள் இதை ‘பன்னிரண்டு போர்’ என்பார்கள். அந்தப் பன்னிரண்டு எதில் அளந்தது? அங்குலமா, சென்டிமீட்டரா? இரண்டும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால், ஓர் உருண்டை என்ன அகலம் வருமோ அதுதான் குழலின் உள்வாய். சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். லட்டு பிடிக்கிற கணக்குதான். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுத்துக்கொண்டே போகிறது. இருபது போர், பன்னிரண்டு போரைவிடச் சின்னது.

வாத்து சுடுகிறவருக்கு நீளமான குழல் வேண்டும். 28 அங்குலம், 30 அங்குலம்கூட. பறக்கிற பறவையோடு கை சீராகச் சுழன்று வர நீளம் உதவும். போதாததற்குக் குழலின் வாயை லேசாகக் குறுக்கியும் இருப்பார்கள், ரவைகள் சீக்கிரம் சிதறிவிடக் கூடாதென்று. சரி, அதே துப்பாக்கியோடு நடுராத்திரியில் படுக்கையறையிலிருந்து எழுந்து, நடைவழியில் திரும்பி, மாடிப்படி இறங்கிப் பாருங்கள். ஆளுக்கு முன்னால் குழல் போய்ச் சுவரில் இடிக்கும். கதவைத் தாண்டும்போது, உங்களுக்கு ஓரடி முன்னாலேயே நீங்கள் வருவதைத் திருடனுக்கு அது சொல்லிவிடும். அப்புறம் என்ன, அறுத்துவிட வேண்டியதுதானே?

இந்த யோசனை புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்கில் வெல்ஸ் ஃபார்கோ கம்பெனியின் தங்கப் பெட்டிகளைச் சுமந்து குதிரை வண்டிகள் ஓடிய காலம். காவலுக்கு வருகிற ஆள் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் குட்டையான ரெட்டைக்குழல் ஒன்றை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். இன்றைக்கும் அமெரிக்கப் பிள்ளைகள் காரில் முன்சீட்டுக்கு அடித்துக்கொள்ளும்போது ‘ஷாட்கன்!’ என்று கத்துகிறார்கள் அல்லவா? இந்தக் காவல்காரரின் ஞாபகம்தான் அது. சிசிலித் தீவிலோ, ஓநாய் வேட்டைக்கென்று இருந்த துப்பாக்கியைக் குட்டையாக அறுத்துக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு பழிதீர்க்கக் கிளம்பினார்கள். ‘லுப்பாரா’ என்று அதற்குப் பெயரே உண்டு. ஆக, ஒரே ரம்பம்தான். ஒரு கண்டத்தில் காவல்காரன் கையில், இன்னொன்றில் கொலைகாரன் கையில்.

இரண்டு கைகளையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இந்தக் கேள்வி 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்து சேர்ந்தது.

மதுவிலக்கு அப்போதுதான் முடிந்திருந்தது. 1929 காதலர் தினத்தன்று சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளியதை யாரும் மறக்கவில்லை. இயந்திரத் துப்பாக்கிகளோடு அங்கே ஷாட்கன்னும் பேசியிருந்தது. போனி அண்ட் க்ளைடு ஜோடி ஊர் ஊராகக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தது. க்ளைடு பாரோவுக்குக் கையில் கிடைத்த துப்பாக்கியையெல்லாம் குட்டையாக்கிவிடும் பழக்கம். 1934 மே 23-ல் இருவரையும் போலீஸ் காருக்குள்ளேயே சல்லடையாக்கியது. அடுத்த மாதம் 26-ம் தேதி, தேசிய துப்பாக்கிச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

தடை என்று போட்டால் அரசியல் சட்டம் குறுக்கே வரும். எதற்கு வம்பு என்று வரி போட்டார்கள். இயந்திரத் துப்பாக்கி வேண்டுமா? 200 டாலர் வரி கட்டு, பதிவு செய். குட்டைக்குழல் ஷாட்கன்னா? அதற்கும் 200 டாலர். அந்தக் காலத்தில் 200 டாலரில் ஒன்றல்ல, பல ஷாட்கன்கள் வாங்கலாம். பெயர்தான் வரி. வாங்காதே என்பது அதன் அர்த்தம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சட்டத்தின் முதல் வரைவில் கைத்துப்பாக்கியும் இருந்தது. பிஸ்டலுக்கு வரி போட்டால், ஜனங்கள் வீட்டிலிருக்கும் நீளத் துப்பாக்கியை அறுத்துப் பிஸ்டல் மாதிரி ஆக்கிவிடுவார்களே? அந்தச் சந்தைத் தடுக்கத்தான் குட்டைக்குழலும் பட்டியலில் ஏறியது. அப்புறம் எதிர்ப்பு கிளம்பவே, பிஸ்டலைத் தூக்கிவிட்டார்கள். குட்டைக்குழலை மட்டும் தூக்கவில்லை. மாடு வெளியே போய்விட்டது, கட்டின கயிறு மட்டும் கொட்டகையில் கிடக்கிறது. அந்தக் கயிற்றில்தான் பின்னால் பலர் தடுக்கி விழுந்தார்கள்.

அப்படி விழுந்தவர்களில் ஜாக் மில்லர், ஃபிராங்க் லேட்டன் என்ற இரண்டு பேர் உண்டு. மில்லர் பழைய வங்கிக் கொள்ளைக் கூட்டத்தில் இருந்துவிட்டு, கூட்டாளிகளுக்கு எதிராகவே சாட்சி சொன்ன ஆசாமி. 1938 ஏப்ரலில் இருவரும் ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சா மாநிலத்துக்கு வந்தபோது பிடிபட்டார்கள். கையில் ஒரு ஸ்டீவன்ஸ் ரெட்டைக்குழல், 18 அங்குலத்துக்குக் குறைவு, வரி கட்டவில்லை. கீழ்க்கோர்ட் நீதிபதி, ‘இந்தச் சட்டமே ஆயுதம் வைத்திருக்கும் உரிமைக்கு விரோதம்’ என்று ஒரே போடாகப் போட்டு வழக்கைத் தள்ளிவிட்டார். அரசாங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே நடந்ததைச் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டீர்கள். 1939 மார்ச்சில் விசாரணை. அரசு வக்கீல் வந்து நின்றார். எதிர்த்தரப்பில்? யாருமே இல்லை. கட்சிக்காரர்களிடமிருந்து காசு வரவில்லை, அரசு தந்த வாதத்தை வைத்தே முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிற ரீதியில் வக்கீலிடமிருந்து தந்தி மட்டும் வந்தது. தீர்ப்பு வருவதற்குள் ஏப்ரலில் ஓக்லஹோமாவில் மில்லரும் சுடப்பட்டுப் பிணமாகக் கிடந்தார். மே 15-ல் தீர்ப்பு. ‘குட்டைக்குழல் ஷாட்கன்னுக்கும் நாட்டைக் காக்கும் குடிப்படைக்கும் சம்பந்தம் இருப்பதாக எங்கள் முன் எந்தச் சாட்சியமும் வைக்கப்படவில்லை’ என்பது அதன் சாரம்.

வைக்க ஆள் இருந்தால்தானே வைப்பதற்கு! அதற்கு இருபது வருடம் முன்புதான், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஷாட்கன் ஏந்திச் சண்டை போட்டிருந்தார்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897, 20 அங்குலக் குழலோடு, முனையில் பயோனெட் சகிதம். ‘இது போர்விதிகளுக்கு விரோதம், கொடூரம்’ என்று 1918 செப்டம்பரில் ஜெர்மனி அதிகாரபூர்வமாக ஆட்சேபம் அனுப்பியது. விஷவாயுவை அவிழ்த்துவிட்ட ஜெர்மனி! அமெரிக்கா அதைக் குப்பையில் போட்டது. 20-க்கும் 18-க்கும் இடையே இருப்பது இரண்டே அங்குலம். யாராவது ஒரு வக்கீல் எழுந்து இதைச் சொல்லியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா தெரியாது. கோர்ட்டாவது கொஞ்சம் யோசித்திருக்கும்.

அதற்கப்புறம் 18 அங்குலம் என்பது வேதவாக்கு. துப்பாக்கிக் கம்பெனிகள் அதற்கேற்ப வியாபாரத்தை அமைத்துக்கொண்டன. 1950-ல் வந்து, ஒரு கோடிக்கு மேல் விற்றுத் தீர்த்த ரெமிங்டன் 870, அதற்குப் போட்டியாக வந்த மாஸ்பெர்க் 500 இரண்டுமே முன்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும் ‘பம்ப்’ ரகம். வேட்டைக்கு 28 அங்குலம், வீட்டுக்குப் பதினெட்டு அல்லது பதினெட்டரை. அந்த உபரி அரை அங்குலம் எதற்கு? அளக்கிற அதிகாரியின் டேப் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வாடிக்கையாளர் மாட்டிக்கொள்ளக் கூடாதே!

வீட்டுக்கு ஷாட்கன் வாங்கும் அமெரிக்கரிடம் கடைக்காரர் வழக்கமாக இரண்டு கதை விடுவார். ஒன்று, அந்தப் பம்ப் எழுப்பும் ‘ச்சக்-ச்சக்’ சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவான். இரண்டு, குறியே பார்க்க வேண்டாம், ஒரு திசையில் நீட்டினால் போதும். முதலாவது திருடனின் மனோதைரியத்தைப் பொறுத்தது. இரண்டாவது சுத்தமாகப் பொய். ஓர் அறையின் தூரத்தில் ரவைகள் உள்ளங்கை அகலத்துக்குக்கூடச் சிதறுவதில்லை. குறி தவறினால் மொத்தக் கூட்டமும் தவறும். அமெரிக்க வீட்டின் உள்சுவர் நம் செங்கல் சுவர் மாதிரி அல்ல. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. பெரிய ரவைகள் அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகும். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்.

வாங்கினதோடு முடிவதில்லை. தோளில் அணைக்கும் கட்டையைச் சின்னதாக்குவார்கள். அது நியாயம், கடையில் வருகிற கட்டை பெரும்பாலும் நெட்டையான ஆம்பிளைக்குச் செய்தது. பக்கவாட்டில் தோட்டா செருக ஒரு பட்டை. முன்பிடியில் ஒரு டார்ச் லைட். என்னைக் கேட்டால், இத்தனை மாற்றங்களில் உருப்படியானது அந்த டார்ச் ஒன்றுதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இதில் எதற்கும் சட்டம் கவலைப்படவில்லை. அதன் கண் முழுக்க அந்த ஒன்றரை அடி மேல். (நம் நாட்டிலும் 1959 ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, உரிமம் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதைத் தடை செய்கிறது. இங்கே துப்பாக்கி வைத்திருப்பவர்களே குறைவு என்பதால் அந்தப் பிரிவை யாரும் பேசுவதில்லை.)

இனி, சிரிக்க முடியாத இடம்.

ஐடஹோ மாநிலத்தின் வடகோடியில் ரூபி ரிட்ஜ் என்றொரு மலைமுகடு. அங்கே தானே கட்டிய மரவீட்டில் ராண்டி வீவர் என்பவர் மனைவி மக்களோடு இருந்தார். முன்னாள் ராணுவ வீரர். உலகம் அழியப்போகிறது, வெள்ளையர் தனியே வாழ வேண்டும் என்றெல்லாம் நம்பியவர். வெள்ளை இனவெறிக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். உத்தமர் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அந்தக் கூட்டங்களில் பழக்கமான ஒருவருக்கு 1989 அக்டோபரில் அவர் இரண்டு ஷாட்கன்களை விற்றார். சில நூறு டாலர் வியாபாரம். இரண்டின் குழலும் அறுக்கப்பட்டு 13 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருந்தன. வாங்கியவர், துப்பாக்கிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஏடிஎஃப் அமைப்பின் உளவாளி. எங்கே அறுக்க வேண்டும் என்று காட்டியதே அந்த உளவாளிதான் என்பது வீவர் தரப்பின் வாதம்.

ஏடிஎஃப் அவரை உடனே பிடிக்கவில்லை. ‘எங்களுக்கு உளவு சொல், வழக்கைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்றது. வீவர் முடியாது என்றார். வழக்கு பாய்ந்தது. 1991 ஜனவரியில் கைது, ஜாமீன். விசாரணை பிப்ரவரி 20 என்று கோர்ட்டில் முடிவானது. வீவருக்கு வந்த அதிகாரபூர்வக் கடிதத்திலோ மார்ச் 20 என்று இருந்தது. சின்ன எழுத்துப்பிழை. பிப்ரவரி 20-ம் தேதி அவர் வரவில்லையென்று வாரண்ட் பிறந்தது. சரி, கடிதத்தில் இருக்கும் தேதி வரைக்குமாவது பொறுத்தார்களா? மார்ச் 14-லேயே, கோர்ட்டுக்கு வராத குற்றத்துக்குத் தனி வழக்கும் பதிவாகிவிட்டது. அரசாங்கத்தை ஏற்கெனவே நம்பாத மனிதர் மலையை விட்டு இறங்கவே இல்லை. ஒன்றரை வருடம்.

1992 ஆகஸ்ட் 21. மலையில் வேவு பார்க்கப் போன மார்ஷல்களை வீவர் வீட்டு நாய் மோப்பம் பிடித்தது. நாய்க்குப் பின்னாலேயே வீவரின் 14 வயது மகனும், அந்த வீட்டோடு பழகிய கெவின் ஹாரிஸ் என்ற இளைஞரும் போனார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. நாய் செத்தது. பையன் முதுகில் குண்டு பாய்ந்து செத்தான். ஒரு மார்ஷலும் செத்தார். யார் முதலில் சுட்டது என்று இரண்டு தரப்பும் இரண்டு கதை சொன்னது. மறுநாள் எஃப்பிஐ வந்து சுற்றி வளைத்தது. வெளியே வந்த வீவர் மீது ஒரு குண்டு, அவர் காயத்தோடு வீட்டை நோக்கி ஓடினார். எஃப்பிஐயின் குறிசுடுநர் மறுபடி சுட்டார். அந்தக் குண்டு கதவைத் துளைத்தது. கதவுக்குப் பின்னால் வீவரின் மனைவி விக்கி, பத்து மாதக் கைக்குழந்தையை ஏந்தி நின்றிருந்தார். தலையில் பட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினோரு நாள் முற்றுகை. உள்ளே தாயின் சடலமும் மூன்று பெண்குழந்தைகளும்.

1993-ல் ஜூரி என்ன சொன்னது தெரியுமா? எல்லாவற்றுக்கும் ஆரம்பமான அந்த ஷாட்கன் வழக்கில், வீவர் குற்றவாளி அல்ல! மார்ஷலைக் கொன்ற வழக்கிலும் இல்லை. கோர்ட்டுக்கு வராதது, ஜாமீன் நிபந்தனையை மீறியது, இரண்டுக்கு மட்டும் 18 மாதத் தண்டனை. (மறுபடியும் பதினெட்டு!) 1995-ல் அரசாங்கம் தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே 31 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மகள்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம், தகப்பனுக்கு ஒரு லட்சம். அதே வருடம் ஏப்ரல் 19-ல் ஓக்லஹோமா நகரில் டிமொத்தி மெக்வே குண்டு வைத்து 168 பேரைக் கொன்றபோது, அவன் மனத்திலிருந்த கணக்குகளில் வேகோவோடு ரூபி ரிட்ஜும் ஒன்று. வீவர் 2022-ல் காலமானார்.

உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தை மறுபடி கையிலெடுக்க 2008 ஆகிவிட்டது. தலைநகர் வாஷிங்டனில் கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. ஷாட்கன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வீட்டுக்குள்ளேயே தோட்டாவை எடுத்துவிட்டுக் கழற்றிப் போட்டிருக்க வேண்டும், இல்லையேல் விசையில் பூட்டு. ராத்திரி திருடன் வந்தால், ‘கொஞ்சம் இரப்பா, மாட்டிவிட்டு வருகிறேன்’ என்று சொல்ல வேண்டியதுதான். ஹெல்லர் என்பவர் தொடுத்த வழக்கில் ஜூன் 26-ம் தேதி (1934 சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட அதே தேதி!) ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு. வீட்டைக் காக்க ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்றார்கள். அதே மூச்சில், குட்டைக்குழல் ஷாட்கன் அந்த உரிமையில் சேராது என்றும் சொன்னார்கள்.

ஆக, நீளக்குழலோடு வீட்டில் இருப்பவருக்கு இரட்டிப்பு ஆசீர்வாதம். 2013 பிப்ரவரியில் அப்போதைய துணை அதிபர் ஜோ பைடனே, ஏதாவது பிரச்னை என்றால் ரெட்டைக்குழலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் வெளியே பார்த்து இரண்டு முறை சுடு என்று தன் மனைவியிடம் சொல்லி வைத்திருப்பதாகப் பேசினார். சில மாதத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் கார் திருடர்களை விரட்டுகிறேன் என்று வானத்தில் சுட்டு மாட்டினார். பைடன் சொன்னதைத்தானே செய்தேன் என்றார்!

அதே வருடம் நவம்பரில், மிச்சிகனில் டிட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகர். விடியற்காலை நான்கரை மணி சுமாருக்கு ஒரு வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தட்டியது 19 வயதுக் கறுப்பினப் பெண். கார் விபத்தில் சிக்கி, குடிபோதையும் குழப்பமுமாக அலைந்து வந்தவள். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. வீட்டுக்காரர் வீட்டுக் காவலுக்கு வைத்திருந்த மாஸ்பெர்க் பம்ப் ஷாட்கன்னோடு வந்து கதவைத் திறந்து, பூட்டியிருந்த வலைக்கதவின் வழியே அவள் முகத்தில் சுட்டார். பயந்துபோனேன் என்றார் கோர்ட்டில். ஜூரி ஏற்கவில்லை. குறைந்தது 17 வருடச் சிறை. டார்ச்சைப் பற்றி நான் சொன்னது இதனால்தான். வாசலில் நிற்பது யார் என்று பார்க்க அது உதவும். குழலின் நீளம் உதவாது.

ஆனால் அமெரிக்கா இன்னும் நீளத்தைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. 2017-ல் மாஸ்பெர்க் கம்பெனி ‘ஷாக்வேவ்’ என்று ஒரு சரக்கை இறக்கியது. குழல் 14 அங்குலம்தான். எப்படி? தோளில் அணைக்கும் கட்டையே இல்லாமல், பறவைத் தலை மாதிரி ஒரு கைப்பிடியோடு தொழிற்சாலையிலிருந்து வந்தது. தோள்கட்டை இல்லாததால் சட்டத்தின் கண்ணில் அது ‘ஷாட்கன்’ அல்ல. மொத்த நீளம் 26 அங்குலத்தைத் தாண்டுவதால் வேறு பட்டியலிலும் வராது. கடையில் சாதாரணமாக வாங்கலாம். அதே துப்பாக்கிக்கு ஒரு தோள்கட்டையை மாட்டிப் பாருங்கள். மாட்டிய நிமிடத்தில் 1934 சட்டம் எழுந்து வந்துவிடும்.

2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அந்த 200 டாலர் வரியைப் பூஜ்ஜியமாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் குட்டைக்குழல் ஷாட்கன்னுக்குச் சல்லிக்காசு வரி கிடையாது. பதிவை மட்டும் விடவில்லை. படிவத்தை நிரப்ப வேண்டும், போட்டோ ஒட்ட வேண்டும், பத்து விரல் ரேகையும் கொடுக்க வேண்டும். ஏடிஎஃப் சரி என்று சொன்ன பிறகுதான் ரம்பத்தை எடுக்கலாம். முதலில் அறுத்துவிட்டு அப்புறம் படிவம் அனுப்பினால், பழைய பத்து வருடம் அப்படியே இருக்கிறது.